திரௌபதி போட்ட முடிச்சு

எங்கள் ஊரில் பேய் கிடையாது. இது என் கருத்தல்ல, தலபுராணம். விருத்தாசலத்தில் உயிர் போனால் பழமலைநாதரே அந்த ஆளைத் தன் மடியில் போட்டுக்கொண்டு காதில் மந்திரம் சொல்வாராம். அம்மன் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிவிடுவாளாம். அப்புறம் நேராக மேலே போய்விட வேண்டியதுதான், திரும்பி வருகிற வேலையே இல்லை. புண்ணியத்தில் காசியைவிட ஒரு வீசம் அதிகம் என்று பெருமை வேறு. உயிரோடு இருக்கிறவன் ஜங்ஷனில் ரயிலுக்குக் கால்கடுக்க நிற்க, செத்தவனுக்கு மட்டும் உடனே வண்டி கிடைக்கிற ஊர் இது.

ஆகவே, எங்கள் பீங்கான் பட்டறையில், செத்துப்போன ஒருத்தியின் கைகள் வேலை செய்துகொண்டிருந்தன என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் திரௌபதியைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் அதைச் சொல்லாமல் விட முடியாது.

நான் கலியமூர்த்தி. அந்தப் பட்டறையில் எலக்ட்ரீசியன். மோட்டார் எரிந்தால் என்னைக் கூப்பிடுவார்கள், ஃபேன் ஓடாவிட்டால் என்னைத் திட்டுவார்கள். சாமானியத்தில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். மனிதர்களிடமும் அப்படித்தான் என்று என் மனைவி சொல்வாள்.

திரௌபதி கம்மாபுரம் பக்கத்துக்காரி. திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி நடந்த அன்றைக்குப் பிறந்ததால் அந்தப் பெயர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போனபோது இவர்கள் வீடும் சேர்ந்து போய்விட்டது. அப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். "எங்க வூடு இருந்த எடத்துல இப்ப ஆகாசந்தான் இருக்குது" என்று அவள் சொல்வாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். புருஷன் ஜங்ஷனில் லோடு ஏற்றுகிறவர். பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளியூருக்கு அனுப்பிவிட்டாள்.

அவளுக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது. தெருவில் பெண்கள் யாராவது செத்தால் முதலில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழும்போது இவள் குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து, பிணத்தைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புடவை கட்டி, கண்ணை மூடி, தாடையைச் சேர்த்துக் கட்டி, கால் கட்டைவிரல் இரண்டையும் கை பெருவிரல் இரண்டையும் துணிக்கிழிசலால் கட்டுவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுவாள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அழுவது அவளுக்குப் பிடிக்காது.

பட்டறையில் அவள் வேலை, காபிக் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுவது. கப்பு பாதி காய்ந்திருக்கும்போது கைப்பிடியின் இரண்டு முனையிலும் களிமண் குழம்பைத் தொட்டு வைத்து, இரண்டு பெருவிரலையும் சேர்த்து மேல்முனையில் ஒரு அழுத்து, அப்படியே கீழே இழுத்து இன்னொரு அழுத்து. பார்க்க ஒன்றுமில்லை. நான் ஒருநாள் செய்து பார்த்தேன், கப்பு கோணிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்த மேசையில் திரௌபதிக்கு இடதுபக்கம் ஆராயி. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் வேலைக்கு வந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். ஆராயி கை நிறையக் கண்ணாடி வளையல் போடுவாள். வேலை செய்யும்போது வளையல் சரிந்து ஈரக் களிமண்ணில் கீறிவிடும். அதனால் ஒவ்வொரு கப்பு முடிந்ததும் வளையல்களை முழங்கை வரைக்கும் தள்ளி விட்டுக்கொள்வாள். "கழட்டி வையேன்டி" என்று திரௌபதி சொல்வாள். "கழட்டுற அன்னைக்கு நீயே கழட்டு" என்பாள் ஆராயி. சும்மா சொல்கிற வார்த்தைதான். யார் நாக்கில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் கண்ணில் மாட்டுகிற அந்தக் கண்ணாடி வந்தது.

புதிதாக வருகிற பெண்கள் வேலை பழகுவதற்குள் ஓடிப்போய்விடுகிறார்கள் என்பது முதலாளியின் தீராத தலைவலி. அதற்கு மருந்தாக பெங்களூர் கம்பெனியிலிருந்து மதிவாணன் என்ற இன்ஜினியர் பெட்டியோடு வந்தார். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், நம் பேச்சு பேசுகிறவர். நன்றாக வேலை செய்கிற ஒருவர் இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலை செய்தால் அதிலிருக்கும் கேமரா கைகளை மட்டும் படித்துக்கொள்ளும். பிறகு புதுப் பெண் அதைப் போட்டுக்கொண்டால், அவள் கண்ணெதிரே, மேசைமேல், அவள் கைக்குப் பக்கத்திலேயே இரண்டு வெளிறிய கைகள் தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான்.

முதலில் வந்த கண்ணாடி நல்ல கனம். காதிலிருந்து கம்பி இறங்கி இடுப்பில் ஒரு பேட்டரிக்குப் போகும். போட்டுக்கொண்டால் கண் ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருக்கிற ஆள் மாதிரி இருக்கும். சார்ஜ் போடுவதும் துடைப்பதும் என் தலையில் விழுந்தது. திரௌபதி ஒருநாள் போட்டுவிட்டுத் தலைவலி என்று கழற்றி எறிந்தாள். ஆராயி ஆசையாகப் போட்டுக்கொண்டாள். அவள் ஒட்டின கைப்பிடி சூளையில் விரிசல் விடுவது அபூர்வம், அதனால் முதலாளிக்கும் மகிழ்ச்சி. கோடை முழுக்க அவள் கைகளைக் கண்ணாடி படித்தது.

ஒருநாள் மதிவாணன் அதைத் திருப்பி அவளுக்கே போட்டுக் காட்டினார். தன் கைகளையே தன் எதிரே பார்த்தாள். வெளிறிய தோல், எலும்பு இருக்கிற இடத்தில் மெல்லிய நீலக் கோடுகள். கப்பே இல்லாத மேசையில் அந்தக் கைகள் பொறுமையாகக் கைப்பிடி ஒட்டின.

"இது என் கையா?" என்றாள் ஆராயி. "வளையலு எங்க தம்பி?"

"வளையல், மோதிரம் எல்லாம் வராதுக்கா. அசைவு மட்டுந்தான் எடுக்கும்."

"மொட்டக் கையா இருக்குது. நல்லா இல்ல" என்று முகத்தைச் சுளித்தாள்.

நானும் அன்றைக்கு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு அந்தக் கைகளில் வேறு எதுவும் இல்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஐப்பசியில் ஆராயி செத்துப்போனாள். காலையில் மார்க்கெட்டில் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் கால்வைக்க இடமில்லை, கூரை ஒழுகுகிறது, கூட்டம் நிற்க இடமில்லாமல் அவசரப்படுத்துகிறது. திரௌபதி எல்லாவற்றையும் செய்தாள். வளையல்களையும் அவள்தான் கழற்றினாள். கைவிரலைக் கட்டப் போகும்போது துணிக்கிழிசல் தட்டுப்படவில்லை, கிடைத்ததும் ஈரம். தன் பையைத் துழாவினாள். பட்டறையில் பெட்டி கட்டுகிற நீல நைலான் நூல் கிடந்தது. அதை எடுத்துப் பெருவிரல்களைச் சேர்த்து, பெட்டிக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டாள். லாரியில் மதுரை வரை போனாலும் அவிழாத முடிச்சு அது.

குழியில் இறக்கும் முன்னால் உடம்பில் இருக்கிற கட்டு அத்தனையும் அறுத்துவிட வேண்டும், அரைஞாண் கயிறு உட்பட. கட்டோடு போகக்கூடாது. அதை ஆண்கள்தான் செய்வார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். திரௌபதியும் திரும்பிவிட்டாள்.

தை பிறந்தது. மதிவாணன் புதுக் கண்ணாடிகள் கொண்டுவந்தார். இதில் கம்பி இல்லை, பேட்டரி மூட்டை இல்லை, சாதாரண மூக்குக்கண்ணாடி கனம்தான். இன்னும் ஐந்தாறு வருஷத்தில் செல்போனை மறந்துவிட்டு ஊரே இதைத்தான் போட்டுக்கொண்டு திரியும் என்றார். வழி கேட்க வேண்டாம், பஸ் போர்டு படிக்க வேண்டாம், எல்லாம் கண்ணெதிரே வந்து நிற்குமாம். ஆராயி இடத்தில் காவியா என்ற பெண்ணை உட்காரவைத்தார்கள். கல்யாணமாகாத பெண், கையில் ஒரு கறுப்புக் கயிறு தவிர ஒன்றும் கிடையாது.

முதல்நாள் மதியம். திரௌபதி தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் காவியா ஒரு கப்பை முடித்து வைத்துவிட்டு, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து, இல்லாத எதையோ முழங்கை வரை தள்ளிவிட்டாள்.

திரௌபதியின் கையிலிருந்த கப்பு கீழே விழுந்தது.

"என்னாடி பண்ண இப்ப?"

"என்னாக்கா? கண்ணாடியில அப்படித்தான காட்டுது. அது பண்றத நானும் பண்றேன்."

"குடு அத."

கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். தலைவலி என்று தூக்கி எறிந்தவள், அரைமணி நேரம் கழற்றவில்லை. நான் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூர்த்தி அண்ணே, இங்க வாங்க. நீங்க பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போட்டுப் பார்த்தேன். ஆராயியின் வெளிறிய கைகள் வேலை செய்துகொண்டிருந்தன. பெருவிரல் இரண்டும் சேர்ந்தன, அழுத்தின, கீழே இறங்கின. பிறகு கைகள் பிரிந்தன. ஆனால் பெருவிரல்கள் முழுசாகப் பிரியவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு நீலக் கோடு ஓடியது. கைகள் விலக விலக அந்தக் கோடு இழுபட்டு விறைத்து நின்றது. வளையலைத் தள்ளப் போன வலது கை இடது கையையும் இழுத்துக்கொண்டு போனது.

பெட்டி கட்டுகிற நூலின் அதே நீலம்.

எனக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. ஃபேன் காற்று என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மேலே பார்த்தேன், ஃபேன் ஓடவில்லை.

"நான் போட்ட கட்டுண்ணே அது" என்றாள் திரௌபதி. "யாரும் அறுக்கல. கட்டோட பொதச்சிட்டாங்க. கைய கட்டிப்புட்டா பழமலைநாதரு மட்டும் எப்படித் தூக்கி மடியில போட்டுக்குவாரு? போற வழி தெரியாம வேலைக்கே வந்துட்டா."

அன்று சாயங்காலமே ஆராயியின் புருஷன் கொளஞ்சியைப் பார்க்கப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பாவம், அவர் பெண்சாதி போனதிலிருந்து பாதி ஆளாகியிருந்தார்.

"அண்ணே, அன்னைக்குக் குழியில எறக்கறப்ப கைக்கட்ட அறுத்தீங்களா?"

"கால்கட்ட அறுத்தாங்க, பாத்தேன்" என்றார் கொளஞ்சி. "குழியில தண்ணி ஊறிக்கிட்டு வருது. சீக்கிரம் சீக்கிரம்னு கத்துறாங்க. கைய நான் பாக்கல தங்கச்சி. ஏன் கேக்கற? கனவுல வந்தாளா?"

திரௌபதி என்னைப் பார்த்தாள், தலையாட்டாதீர்கள் என்று அர்த்தம். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அவரிடம் அதைச் சொல்லாமல் வந்தாளே, அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு காவியாவின் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனையோ பிணங்களைக் குளிப்பாட்டியவள், தன் சொந்தச் சிநேகிதிக்கு மட்டும் தப்பாகக் கட்டிவிட்டாள். அந்தக் குற்றம் அவளை உள்ளே அரித்தது. ஆராயி போய்ச்சேர வேண்டும், அதற்கு அந்தக் கட்டு அவிழ வேண்டும். வேறு எதுவும் அவள் தலையில் ஏறவில்லை.

மதிவாணன் வந்ததும் பிடித்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது ஒண்ணுமில்ல. ரெண்டு பெருவிரலும் ஒட்டுறப்ப மெஷினுக்கு எது எந்தக் கைன்னு கொழம்பிடுது. எலும்புக் கோட்ட மாத்திச் சேத்துடுது. ஆரம்பத்துலருந்தே இருந்திருக்கும், நாம கவனிச்சிருக்க மாட்டோம்."

"நான் அன்னைக்குப் போட்டுப் பாத்தேன், கோடு இல்ல" என்றேன்.

"நல்லா பாத்திருக்க மாட்டீங்க சார்."

டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் தொடாத என்னைப் பார்த்து இப்படிச் சொன்னார். நான் சண்டைக்குப் போகவில்லை. போனால் ஜெயித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"சரி தம்பி, இத எப்படி அவுக்கறது?" என்று கேட்டாள் திரௌபதி.

"வேற ஒருத்தர் புதுசா போட்டுக்கிட்டுச் செஞ்சிக் குடுத்தா மெஷினு திருத்திக்கும்."

"அப்ப அவ கைய அழிச்சிடுவீங்களா?"

"அழிக்கறதெல்லாம் இல்லக்கா. அதோட இதுவும் சேரும். ரெண்டும் கலந்து ஒரே கையா வரும்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். திரௌபதி, "நான் போட்டுக்கறேன்" என்றாள்.

மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். காலையில் எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு, மெஷினை ஓடவிட்டேன். அவள் மாட்டியிருந்த கண்ணாடியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது. அவள் கப்பை எடுக்கவில்லை. இடுப்பிலிருந்து நீல நைலான் நூலை எடுத்தாள். தன் பெருவிரல் இரண்டையும் சேர்த்து நீட்டி, "கட்டுடி" என்றாள் காவியாவிடம். அந்தப் பெண் பெட்டிக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டாள். கட்டின கைகளைத் திரௌபதி தன் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள், அறுபடவில்லை. அவள் போடுகிற முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. கடைசியில் கைப்பிடி சீவுகிற கத்தியை மேசைமேல் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, அதில் நூலைத் தேய்த்து அறுத்தாள். பெருவிரல்கள் படீரென்று விலகின.

"போயிட்டு வா ஆராயி" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு முதல் கப்பை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் முதல் கப்புக்கு முன்னால் அப்படியே செய்தாள். நூல் கட்டி, அறுத்து, விரலை விலக்கி. ஒருமுறை செய்தால் மெஷினுக்கு ஏறாதோ என்று பயம்.

பங்குனி வெயிலில் புதுக் கைகள் வந்தன. மதிவாணன் நேரில் வரக்கூட இல்லை. பெங்களூரிலிருந்து அனுப்பினார், காலையில் வந்து பார்த்தால் கண்ணாடிக்குள் இறங்கியிருந்தன. நான்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். நீலக் கோடு இல்லை. பெருவிரல்கள் சுத்தமாகப் பிரிந்தன. எனக்கு அப்பாடா என்றிருந்தது. "கட்டு அவுந்துடுச்சி திரௌபதி!" என்று கத்தினேன். அவள் மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

காவியாவோடு இப்போது புதுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் கப்பைத் தொடும் முன்னால், எல்லாருடைய கைகளும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. பெருவிரல்களைச் சேர்த்தார்கள். எதன்மேலோ தேய்த்தார்கள். படீரென்று விலக்கினார்கள். அதுவும் வேலையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அதன்பின் கப்பை எடுத்துக் கைப்பிடி ஒட்டினார்கள். முடித்ததும், அத்தனை பேரும், இல்லாத வளையல்களை முழங்கை வரை தள்ளிவிட்டார்கள்.

திரௌபதி எழுந்து நின்றுவிட்டாள். ஒரு பெண்ணின் கண்ணாடியை மெல்லக் கழற்றித் தன் கண்ணில் மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, துடைக்கவில்லை.

"இன்னும் போவலண்ணே அவ" என்றாள். "கட்ட அவுத்துட்டேன். ஆனா அவ இங்கதான் உக்காந்திருக்கறா. அவ கையிலயே என் கையும் இருக்குது. எது அவுளுது, எது என்னுதுன்னு எனக்கே தெரியல."

இப்போது வடக்கே எங்கெங்கோ இருக்கிற பட்டறைகளுக்கெல்லாம் அந்தக் கைகள் போயிருக்கின்றனவாம். மதிவாணன் போனில் பெருமையாகச் சொன்னார். அடுத்து மனிதனே வேண்டாம், இரும்புக் கைக்கே இதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். முகம் தெரியாத ஊர்களில் முகம் தெரியாத பெண்கள் காலையில் உட்கார்ந்ததும் பெருவிரலைச் சேர்த்து விலக்குகிறார்கள். நாளைக்கு இரும்பும் விலக்கும். ஏன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

திரௌபதி பழையபடி சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். சாவு வீட்டுக்கும் போகிறாள், ஆனால் பையில் நைலான் நூல் வைத்துக்கொள்வதில்லை. ஒருநாள் டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மூர்த்தி அண்ணே, நான் செத்தா வூட்டுல ஆளுங்க இருக்காங்க. கைக்கட்ட அறுத்துத்தான் எறக்குவாங்க, மருமவன்கிட்ட சொல்லி வச்சிட்டேன். ஆனா அங்க இருக்குதே ஒரு கை" என்று கண்ணாடிகள் இருந்த பெட்டியைக் காட்டினாள். "அத யாரு அவுப்பாங்க? நீங்கதான் கரண்டு வேல பாக்கறவரு. நீங்க அறுத்து வுட்டுடுங்க. அவளையும் என்னையும் சேத்தே வுட்டுடுங்க."

"சரி, அறுத்துடறேன்" என்றேன். என் கைமேல் ஓர் அடி வைத்துவிட்டு நிம்மதியாக எழுந்து போனாள்.

அவள் போனபின் ஒரு கண்ணாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆயுசு முழுக்க எனக்குத் தெரிந்த வேலை கம்பியைக் கண்டுபிடித்து வெட்டுவது. அதில் கம்பியே இல்லை.